ஒக்கலும் உருளையும்

“காய்கறியையா தள்ளிக்கிட்டுப் போகப் போற? பிள்ளையத்தானே? அதுக்கு எதுக்குட்டி தள்ளுவண்டி?”

தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரின் ஓசையை மீறி ஒரு தாய் தன் மகளிடம் கேட்ட கேள்வி இது. மகளிடம் உடனடி விடை இல்லை. கேள்வி வண்டியைப் பற்றியது மட்டுமன்று, சொல்லைப் பற்றியதும்தான். தமிழில் ‘தள்ளுவண்டி’ என்றால் வாழைப்பழமும் வெங்காயமும் இஸ்திரிப் பெட்டியும் ஏறிய வண்டி. ‘நடைவண்டி’ என்றால் குழந்தை தானே பிடித்துக்கொண்டு நடைபழகும் மூன்றுசக்கர மரவண்டி. ‘குழந்தை வண்டி’ என்பது விற்பனைப் பட்டியல்களில் புழங்கும் அளவுக்கு வீட்டுப் பேச்சில் புழங்குவதில்லை. மராத்தியில் ‘பாபாகாடி’ என்று ஒரு சொல் உண்டு. தமிழரோ பெரும்பாலும் ‘பிராம்’ அல்லது ‘ஸ்ட்ரோலர்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ‘பிராம்’ என்பது ‘பெராம்புலேட்டர்’ என்பதன் சுருக்கம். சுற்றி நடத்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்த அந்த ஆங்கிலச் சொல் முதலில் நடப்பவரைத்தான் குறித்தது. வண்டியைக் குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

மகள் முனைவர் பட்ட ஆய்வாளர். திருமணத்துக்குப் பின் செம்பூரில் வாடகை வீட்டில் வசிப்பவர். பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக்காலம் முழுமைக்குமாக 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வழங்க, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் வழிசெய்தன. 2022ஆம் ஆண்டின் விதிமுறைகளிலும் அந்த 240 நாள் தொடர்கிறது. எட்டு மாதம். குழந்தை உட்காரத் தொடங்கி, தவழத் துடிக்கும் நேரத்தில் விடுப்பு முடியும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் சொன்னது. ஆனால் உதவித்தொகை பெறும் ஆய்வாளர் ‘பணியாளர்’ என்னும் சொல்லுக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஆகவே விடுப்பு முடிந்த மறுநாளிலிருந்து குழந்தை எங்கே இருக்கும் என்பது அவருடைய ஆய்வேட்டின் அடுத்த இயலைத் தீர்மானிக்கும் கேள்வியாக இருந்தது.

விடை தாராவியில் இருந்தது. அம்மா மாவு விற்பவர். காலை வியாபாரத்தை விட்டுவிட்டுச் செம்பூர் வந்து தங்க இயலாது. குழந்தைதான் அவரிடம் போகவேண்டும். மூட்டுவலியால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பதும் அவருக்கு இயலாது. மாட்டுங்காவில் இருக்கும் மாமனார் மாமியாரும் வாரம் இருமுறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மூன்று வீடு, மூன்று வகை நிலம், ஒரு குழந்தை. இவற்றை இணைக்க ஒரு வண்டி வேண்டும் என்று முடிவானது.

தமிழ் மரபில் குழந்தைக்கு வண்டி இல்லாமல் இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்றுசக்கரச் சிறுதேரை உருட்டி வருகிறார்கள். காயவைத்த உணவைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் வீசிய கனத்த காதணி அந்தத் தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில், தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்கிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களில் ஒன்று சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அந்தத் தேர் கிடையாது; அங்கே ஊசல் உண்டு. இவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: வண்டியை ஓட்டுவது குழந்தை. குழந்தையை உள்ளே வைத்துப் பெரியவர் தள்ளும் வண்டி இந்தக் காட்சிகளில் இல்லை.

அந்த வேலையை இடுப்பு செய்தது. இடுப்புக்குத் தமிழில் ‘ஒக்கல்’ என்றொரு பெயர் உண்டு. அதே வடிவில் இன்னொரு சொல்லும் உண்டு. அதற்குச் சுற்றத்தார் என்று பொருள். இல்வாழ்க்கை அதிகாரத்தில் வள்ளுவர் ஆள்வது அந்த இரண்டாவது ஒக்கலை. அகராதிகள் இவற்றைத் தனித்தனியே பதிவு செய்கின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று துணிய வேண்டியதில்லை. என்றாலும் வழக்கில் அவை ஒன்றையொன்று தாங்கியே இருந்தன. ஒரு குழந்தையை நாள் முழுவதும் ஒருத்தியின் இடுப்பு தாங்குவதில்லை. அக்காளின் இடுப்பு, சித்தியின் இடுப்பு, எதிர்வீட்டு ஆச்சியின் இடுப்பு என்று அது மாறிக்கொண்டே இருக்கும். சுற்றம் ரயில் ஏறித்தான் பார்க்கும்படி பிரிந்து வாழும் நகரத்தில், முதலில் வலிப்பது இடுப்பு.

பிராமின் வரலாறு வேறு வகையானது. 1733இல் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டியை வடிவமைத்தார். அதை இழுக்கச் சிறு விலங்கு ஒன்றைப் பூட்ட வேண்டியிருந்தது. மாளிகைத் தோட்டத்தின் சமதளப் பாதைக்கு அது பொருந்தியது. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த கறுப்பினத்தவரான வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரைப் பார்த்தும் எதிர்ப்புறம் பார்த்தும் அமரும்படி தொட்டிற்பகுதியைத் திருப்பக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1965இல் ஓவன் மெக்லாரன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், குடைபோல் மடியும் அலுமினிய வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பை வடிவமைத்தவர். மாஸ்கோவிலிருந்து குழந்தையோடு வந்த மகள் கனமான வண்டியை இழுத்துப் பட்ட பாடுதான் அந்தக் கண்டுபிடிப்புக்குத் தூண்டுதல் என்பர். அவருடைய வண்டியின் எடை 3 கிலோவுக்கும் குறைவு. தோட்டத்தில் உலவப் பிறந்த வண்டி, பயணத்தில் மடித்துத் தூக்கும் வண்டியானது அப்போதுதான். மும்பையில் வண்டி வாங்குவோர் முதலில் தெளிய வேண்டியது இதைத்தான்: தேவைப்படுவது கென்ட்டின் வண்டியா, மெக்லாரனின் வண்டியா?

செம்பூர்த் தம்பதிக்கு இந்தத் தெளிவு முதலில் இல்லை. கடைக்காரர் காட்டிய ஒவ்வொன்றும் சரியாகவே பட்டது. கடையின் பளிங்குத் தரையில் எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் போகும். இதற்கிடையே, குழந்தைக்கு மூன்று மாதமானபோது, மாட்டுங்காவிலிருந்து ஒரு பரிசு வந்து சேர்ந்தது. பெரிய சக்கரங்கள், கட்டிலாக விரியும் இருக்கை, பெற்றோரை நோக்கித் திருப்பும் வசதி, தடித்த மெத்தை, 11 கிலோ எடை. மாமனார் தம் சேமிப்பிலிருந்து வாங்கியது.

அது மோசமான வண்டி அன்று. பச்சிளங் குழந்தைக்கு அத்தகைய வண்டிதான் பொருத்தம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்வாக உட்காரவைத்தால் தலை முன்னே சரிந்து மூச்சு தடைப்படலாம். ஆகவே தொடக்க மாதங்களில் தட்டையாகப் படுக்கவைக்கும் இருக்கை வேண்டும். முகம் நோக்கிய இருக்கைக்கும் ஆதரவு இருக்கிறது. 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக் வெளியிட்ட ஆய்வில், தெருக்களில் 2,700க்கும் மேற்பட்ட பெற்றோர்–குழந்தை இணைகள் கவனிக்கப்பட்டன. உடன் நடந்த சிறு சோதனை ஒன்றில், குழந்தை தம்மை நோக்கி அமர்ந்திருந்தபோது தாய்மார் ஏறக்குறைய இருமடங்கு பேசினர். முதுகைக் காட்டி அமர்ந்த குழந்தையிடம் பேச்சு குறைந்தது. மொழி கேட்கும் வாய்ப்பு, இருக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் சார்ந்திருக்கிறது. ஆய்வாளருக்கு இந்தத் தகவல் பிடித்திருந்தது. ஆனால் இடுப்பில் அமர்ந்த குழந்தையும் முகத்துக்கு அருகில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை.

பரிசு வந்த முதல் ஞாயிறன்று அதைத் தாராவிக்கு எடுத்துச் செல்ல முயன்றபோதுதான் சிக்கல் விளங்கியது. ஆட்டோவில் அது ஏறவில்லை. டாக்ஸியை அழைத்தால் பின்பெட்டியில் பாதியை எரிவாயு சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வண்டி முன்னிருக்கையிலும், கணவரும் மனைவியும் குழந்தையும் பின்னிருக்கையிலுமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சந்துக்குள் நுழைந்தபின் மூன்றாவது வீட்டருகே வண்டி நின்றுவிட்டது. மாடி அறைக்குச் செல்லும் இரும்பு ஏணி அங்கே சந்துக்குள் இறங்கியிருந்தது. சந்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். இறுதியில் நால்வர் சேர்ந்து ஏணிக்கு மேலாக வெற்று வண்டியைத் தூக்கி மறுபக்கம் இறக்கினார்கள். குழந்தை அதற்கு முன்பே பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் சொல்லாமல் விட்டது, முன்பு கேட்ட கேள்வியைவிடக் கூர்மையாக இருந்தது.

அதன்பின் ஆய்வாளர் தமக்குப் பழக்கமான வேலையைச் செய்தார். அளவு நாடா ஒன்றும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, வண்டியின்றி, துணித் தூளியில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, வழி முழுவதையும் களமாக எண்ணி நடந்தார்.

செம்பூர் வீட்டு மின்தூக்கியின் கதவு 66 செ.மீ. வாசலில் இரண்டு படி. நடைபாதை உண்டு, ஆனால் தொடர்ச்சியாக இல்லை. மரத்தடி, மின்பெட்டி, நிறுத்திய இருசக்கர வாகனம், உடைந்த பலகைக்கல் என்று ஒவ்வொரு இடத்திலும் சாலைக்கு இறங்கி ஏற வேண்டும். நடைபாதையின் தடையற்ற அகலம் குடியிருப்புப் பகுதிகளில் குறைந்தது 1.8 மீட்டரும், விளிம்புயரம் 150 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்றன இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். அவர் அளந்த விளிம்புகளில் பல முழங்காலை எட்டின. செம்பூரிலிருந்து துறைமுக வழித்தட ரயிலில் குர்லா. அங்கே மேம்பாலப் படிகள் ஏறி இறங்கி மத்திய வழித்தடத்தின் மெதுவண்டி. அடுத்த நிலையம் சயான். அங்கே இறங்கினால் தாராவி. இன்னும் ஒரு நிலையம் போனால் மாட்டுங்கா. இடைநிலையங்களில் ரயில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. அதற்குள் வண்டியை மடித்து, குழந்தையைத் தூக்கி, பையைப் பிடித்து ஏற முடியாது. மடிப்பதும் தூக்குவதும் ரயில் வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். சாலை வழியே போகலாம் என்றால், ஆட்டோ சயானோடு நின்றுவிடும். மாட்டுங்காவுக்குக் கருப்பு–மஞ்சள் டாக்ஸி பிடிக்க வேண்டும்.

தாராவியின் சந்தில் இரும்பு ஏணியின் அடியில் எஞ்சிய அகலம் 58 செ.மீ. பரிசு வந்த வண்டியின் அகலம் 61 செ.மீ. மூன்றே சென்டிமீட்டர். குறிப்பேட்டில் அந்த எண்ணைச் சுற்றி அவர் வட்டம் போட்டார்.

மாட்டுங்காவின் கணக்கு தலைகீழானது. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. தாதர்–மாட்டுங்கா திட்டப் பகுதியை வகுத்தது அதுதான். நேர்த்தெரு, மரநிழல், ஐந்து தோட்டங்கள் என்று காற்றும் வெளிச்சமும் வரும்படி போடப்பட்ட பகுதி. பெரிய சக்கர வண்டிக்கு மும்பையில் தகுந்த தரை இருக்கிறதென்றால் அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் மாமனார் வீடு மூன்றாம் மாடி. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். தெரு வண்டியை அழைத்தது, படிக்கட்டு மறுத்தது. தாராவியில் வீடு தரைமட்டத்தில் இருந்து அழைத்தது, சந்து மறுத்தது. செம்பூரில் மின்தூக்கி ஒப்புக்கொண்டதை நடைபாதை தடுத்தது.

இந்த அளவைகளுக்குப் பிறகு தேர்வு எளிதாயிற்று. குடும்பத்தில் பேசி இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. பெரிய வண்டி மாட்டுங்காவுக்கே திரும்பியது. அங்கே படிக்கட்டின் அடியில், குடியிருப்போரின் ஒப்புதலோடு, சங்கிலி போட்டு நிறுத்தப்பட்டது. குழந்தை மாடியிலிருந்து தோளில் இறங்கி வரும். கீழே வண்டி காத்திருக்கும். மாமனார் மாலையில் ஐந்து தோட்டங்களைச் சுற்றி வந்தார். இருக்கையைத் தம் பக்கம் திருப்பிவைத்து, மரம், காகம், நாய், பேருந்து எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே தள்ளினார். தம் பரிசு நிராகரிக்கப்பட்டது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று மருமகள் அஞ்சியது வீணாயிற்று.

நாள்தோறும் போய்வர இன்னொரு வண்டி வேண்டும். புதிதாக வாங்க உதவித்தொகை இடம் தரவில்லை. அந்தத் தொகை மாதம் தவறாமல் வருவதுமில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய வண்டி கிடைத்தது. குடைபோல் மடிவது, எடை 5 கிலோ, அகலம் 46 செ.மீ. குழந்தைக்கு அப்போது ஏழு மாதம் ஆகி, தலை நின்று, துணையின்றி உட்காரத் தொடங்கியிருந்தது. இல்லையென்றால் அந்த வண்டி பொருந்தியிருக்காது. பழைய வண்டி வாங்குவோர் பார்க்க வேண்டியவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, தொடையிடை ஒன்று என ஐந்து முனைப் பட்டை முழுமையாக இருக்கிறதா? கொக்கி ஒரே அழுத்தில் பூட்டி, குழந்தையின் விரலுக்குத் திறக்காமல் நிற்கிறதா? விரித்தபின் மடிப்புப் பூட்டு தானாக அவிழாமல் இருக்கிறதா? இரு பின்சக்கரத் தடைகளும் சரிவில் பிடிக்கின்றனவா? மடியும் மூட்டுகளில் விரல் நசுங்கும் இடைவெளி உண்டா? இத்தகைய வண்டிகளுக்கான ஐரோப்பியத் தர எண்ணான ஈஎன் 1888 சட்டத்தில் ஒட்டிய சீட்டில் இருந்தது. முன்சக்கரம் ஒன்று தேய்ந்திருந்தது, வெயில்மறைப்பு கிழிந்திருந்தது.

கிழிந்ததைத் தைக்கத் தாராவியைவிட நல்ல இடம் எது? பைகளும் தோற்பொருள்களும் தைக்கும் பட்டறைகள் அம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன. பயணப்பை தைக்கும் ஒருவர் வெயில்மறைப்பைக் கழற்றிப் பார்த்தார். கனத்த துணிக்குப் பதிலாகக் காற்று நுழையும் வலைத்துணியைப் பக்கங்களில் வைத்துத் தைத்தார். மும்பையின் புழுக்கத்தில் அது முக்கியமானது. வெயிலுக்கு அஞ்சி வண்டியின் மேல் துண்டைப் போர்த்தினால் காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறிவிடும். பிறகு அவர் கேட்காமலேயே ஒன்று செய்தார். மடித்த வண்டியைத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார் தைத்துப் பூட்டினார். “ரெண்டு கையும் பிள்ளைக்கு வேணும்லா” என்பது அவர் தந்த விளக்கம். கடைகளில் பார்த்த எந்த வண்டியிலும் அவ்வளவு உறுதியான வார் இருக்கவில்லை.

விடுப்பு முடிவதற்குப் பத்து நாள் முன்பு ஒத்திகை நடந்தது. செம்பூர் நிலையம் வரை சாலையோரமாக வண்டி, நடைமேடையில் மடிப்பு, தோளில் வண்டி, இடுப்பில் குழந்தை. குர்லாவில் மாறிய ரயிலின் பெண்கள் பெட்டியில் நிற்கவே இடமில்லை. கதவருகே நின்ற ஒருவர் மராத்தியில் எதையோ சொல்லிக் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். உள்ளே அமர்ந்திருந்த இன்னொருவர் அதைத் தம் மடிக்கு வாங்கினார். வண்டி வேறொருவரின் கால்களுக்கிடையே போயிற்று. சயான் வந்ததும் எல்லாம் அதே வரிசையில் திரும்பி வந்தன. பெயர் தெரியாதவர்களின் இடுப்பு வழியாகக் குழந்தை நடைமேடையை அடைந்தது. அந்தச் சில நிமிடங்களுக்கு இரண்டு ஒக்கலும் அந்தப் பெட்டியில் ஒன்றாயிருந்தன. ஆனால் இந்தத் தயவை நம்பி ஒரு நகரம் தன் பாதைகளை அமைக்காமல் இருந்துவிடலாம் என்று பொருளல்ல. தயவு கிடைக்காத நாளும் உண்டு. மறுவாரமே ஒருமுறை, நெரிசலில் ஏற முடியாமல் மூன்று ரயில்களை அவர் விட்டுவிட நேர்ந்தது.

வண்டியின் உயரமும் ஒரு சிக்கல்தான். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் சுட்டிக்காட்டியபடி, தள்ளுவண்டிக் குழந்தை சாலையிலிருந்து 0.55 முதல் 0.85 மீட்டர் உயரத்தில் மூச்சுவிடுகிறது. வாகனப்புகை செறிந்திருப்பதும் அந்த உயரத்தில்தான். நடந்துசெல்லும் பெரியவரைவிட 60 விழுக்காடு வரை கூடுதலான மாசுக்கு அது ஆளாகலாம். மாஹுல் பக்கத்து எண்ணெய் ஆலைகளின் வாடை வீசும் செம்பூரில் இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியன்று. ஆகவே சந்திப்புகளில் சிவப்பு விளக்கு எரியும்போது வண்டி சாலை விளிம்பிலிருந்து பின்னே நிற்கும். பெருஞ்சாலையோரம் என்றால் குழந்தை இடுப்புக்கு ஏறும். இடுப்பு உயரமானது என்பதை ஆய்வு வேறு மொழியில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் நடைபாதைக்கு உரிமை கோருவோர் பலர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்குள் அடங்கும் என்று கூறியது. 40 ஆண்டுகளுக்கு முன், 1985 ஜூலையில், இதே பம்பாயின் நடைபாதை வாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரமும் அதே 21ஆம் உறுப்புக்குள் அடங்கும் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. தெரு வியாபாரிகளின் பாதுகாப்புக்கு 2014இல் தனிச் சட்டமும் வந்தது. குழந்தையின் தள்ளுவண்டியும் வியாபாரியின் தள்ளுவண்டியும் ஒரே பெயரோடு, ஒரே உறுப்பைச் சுட்டி, ஒரே குறுகிய பாதையில் எதிரெதிரே நிற்கின்றன. குழந்தை வண்டிக்காக வியாபாரியை அகற்றுங்கள் என்று கேட்பது எளிது. ஆனால் ஆய்வாளரின் குறிப்பேட்டில் பதிவான தடைகளில் மிகப் பல நிறுத்திவைத்த வாகனங்களும் உயர்ந்த விளிம்புகளும் உடைந்த கற்களும்தான். காய்கறி வண்டி விலகி வழிவிட்டது. கார் விலகவில்லை. முழங்கால் உயர விளிம்பில் குழந்தை வண்டி ஏறாது. மாவுச் சட்டி சுமக்கும் மூட்டுவலித் தாயும் ஏற முடியாது. சக்கரநாற்காலி அறவே ஏறாது. சரிவுப்பாதை அமைந்தால் அனைவருக்கும் அமையும். வண்டியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர் பொறுப்பு. 11 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் இடையே அவர்களைத் திண்டாட வைத்த தரைக்கு அவர்கள் பொறுப்பல்லர்.

விடுப்பு முடிந்தது, ஆய்வு தொடங்கியது. சிறிய வண்டி இப்போது பகல் முழுவதும் தாராவியில் நிற்கிறது. மாவு விற்று முடிந்த மாலை வேளையில் அம்மா குழந்தையை அதில் அமர்த்தி, பட்டையைப் பூட்டி, இரும்பு ஏணியைக் கடந்து 90 அடிச் சாலை வரை போய்வருகிறார். கைப்பிடியைப் பற்றி நடப்பதால் முழங்காலின் பாரம் சற்றுக் குறைகிறது என்கிறார். மூட்டுவலி வந்தபின் இவ்வாறு தானாகக் கிளம்பி அவர் நடக்கத் தொடங்கியது இப்போதுதான். ‘பெராம்புலேட்டர்’ என்னும் சொல் முதலில் நடப்பவரைத்தான் குறித்தது என்பதை மகள் அவரிடம் சொன்னதில்லை.

ஒருநாள் மாலை மகள் வந்தபோது வண்டியின் கைப்பிடியில் ஒரு கனத்த பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கத்திரிக்காயும் முருங்கைக்காயும். இலேசான வண்டி, குழந்தையைத் தூக்கிய கணத்தில் பையின் கனம் வண்டியைப் பின்னே கவிழ்த்துவிடும். குழந்தை அமர்ந்திருக்கும்போதே எக்கிச் சாய்ந்தாலும் ஆபத்துதான். மகள் பதறிப்போய் விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பையை அவிழ்த்து, இருக்கைக்கு அடியிலுள்ள கூடையில் வைத்தார்.

“காய்கறியத் தள்ளிக்கிட்டுப் போகத்தான் இது லாயக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா” என்றார்.

எதிர்வீட்டு மராத்திக்காரப் பெண் ‘பாபாகாடி’ என்று சொல்லக் கேட்டுக் கேட்டு, அம்மா அதைப் ‘பாப்பாகாடி’ ஆக்கியிருந்தார். அந்தச் சந்தின் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.